கிரைண்டர் பெல்ட் வைத்த பெடல்

போன மாதம் எங்கள் பழைய பட்டறையிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அந்தக் காலத்துச் சின்னக் கார் ஒன்றின் ஆக்ஸிலேட்டர் பெடல். அதன்மேல் கறுப்பாகச் சில ரப்பர் பட்டைகள். கூடவே, இப்போது பட்டறையைப் பார்த்துக்கொள்ளும் கார்த்தியின் குரல்: “அண்ணே, இந்த வண்டி சர்வீசுக்கு வந்துருக்கு. எவனோ கிரைண்டர் பெல்ட்ட அறுத்து பெடல்ல வச்சிருக்கான். கழட்டிப் போட்டுட்டு, ஆன்லைன்ல வருதுல்ல, ரேஸ் வண்டிக்குப் போடுற அலுமினிய பெடலு, அத மாட்டிடவாண்ணே?”

நான் சாப்பாட்டில் கை வைத்திருந்தேன். இடது கையால் போனை எடுத்து, “அந்த எவனோ நான்தான்டா. அதத் தொட்டே, அப்புறம் என் வாயில என்ன வரும்னு எனக்கே தெரியாது” என்று சொல்லி வைத்தேன். ரசம் ஆறிப்போனபோது கோபமும் ஆறியது. கார்த்தி கேட்டதில் தப்பில்லை. ஒரு பெடலின்மேல் கிரைண்டர் பெல்ட் ஏன் இருக்கிறது என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. இப்போது வருகிற வண்டிகளில் பாதிக்கு கிளட்ச் பெடலே கிடையாது. என் மருமகன் அப்படி ஒன்றை வாங்கி என்னை ஓட்டவும் வைத்தான். நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பெடலின் கதை பட்டறைப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

ஐ.டி.ஐ. முடித்த கையோடு அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் வண்டிப் பட்டறையில் சேர்ந்தேன். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தது, கிரீஸ் பூசியது, திட்டு வாங்கியது, இவைதான் முதல் சில வருடங்கள். அவற்றில் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. எழுத வேண்டியது ஜமால் மேஸ்திரியைப் பற்றி.

ஜமால் மேஸ்திரி சத்தம் போட மாட்டார். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அது சுத்தமாக இருந்தாலும் துடைப்பார். அவர் கண்ணாடியில் கை வைத்தால் நாங்கள் செய்த வேலையை முதலிலிருந்து சரிபார்க்க ஆரம்பிப்போம். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும், வந்தால் ஊருக்கே கேட்கும். இப்படிப்பட்ட என்னை அத்தனை வருடம் அவர் பக்கத்தில் வைத்துக்கொண்டதற்கே நான் அவருக்குக் கடன்பட்டவன்.

சுரங்கத்துக்குள்ளிருந்து மேலே வரும் பாதை நல்ல ஏற்றம். முன்னால் போகிற வண்டி நின்றால் பின்னால் வருகிற எல்லாமே ஏற்றத்தில் நிற்க வேண்டும். சுண்ணாம்புத் தூசி அடைத்துப் பழைய ஜீப்புகளின் ஹாண்ட் பிரேக் எதுவும் ஒழுங்காகப் பிடிக்காது. அதனால் டிரைவர்களே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். வலது காலின் முன்பாதம் பிரேக்கை அழுத்தியபடியே இருக்கும். அதே காலின் வெளி ஓரத்தைச் சற்று உருட்டி ஆக்ஸிலேட்டரையும் தொடுவார்கள். இஞ்சின் உறுமும், கிளட்சை விடுவார்கள், வண்டி ஒரு சாண்கூடப் பின்னால் நழுவாமல் முன்னால் ஏறும். இதற்கு இங்கிலீஷில் ஹீல் அண்ட் டோ என்று பெயர் இருப்பதும், ரேஸ் ஓட்டுகிறவர்கள் இதைப் பெரிய வித்தையாகப் பழகுவதும் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியும். எங்கள் சுரங்கத்தில் அதற்குப் பெயரே இல்லை.

ஆக்ஸிலேட்டர் பெடல் பிரேக்கைவிடத் தாழ்வாகவும் தள்ளியும் இருக்கும். கால் எட்டாதவர்கள் அதன்மேல் ஒரு தகடு வைத்துத் தரச் சொல்வார்கள். வேறு ஷிப்டில் ஒருவர் அப்படி ஒரு ஜீப்புக்கு வைத்துக் கொடுத்தார். பிரேக்கை மிதிக்காமல், அது சும்மா இருக்கும் நிலையில், இரண்டு பெடலையும் ஒரே மட்டமாக வைத்துவிட்டார். பார்க்க அழகாக இருந்தது. மறுநாள் குறுக்கே ஒரு ஆடு வர, டிரைவர் பதறி பிரேக்கை மிதித்தார். பிரேக் கீழே இறங்க இறங்க, அவருடைய அகலமான பூட்ஸ் ஆக்ஸிலேட்டரையும் சேர்த்து மிதித்தது. ஜீப் மண்மேட்டில் ஏறி நின்றது. ஆளுக்கும் ஆட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேஸ்திரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: “ராசு, பிரேக்கு எந்த எடத்துல கெட்டியா நிக்கிதோ, அங்கேருந்துதான் ஆக்ஸிலேட்டருக்கு அளவு எடுக்கணும். மொதல்ல பிரேக்க சரி பண்ணு, பைப்புல நிக்கிற காத்த எடு. அப்புறம் அழுத்திப் புடிச்சிக்கிட்டு அள.”

அவருக்கென்று ஒரு வேலைமுறை இருந்தது. முதலில் தகட்டை வெட்ட மாட்டார், அட்டையில் வெட்டிக் கட்டிப் பார்ப்பார். பிறகு டிரைவரின் பூட்ஸ் அடியில் சுண்ணாம்புப் பொடியைத் தடவி மிதிக்கச் சொல்வார். பெடலில் விழுகிற வெள்ளைத் தடத்தைக் குனிந்து பார்ப்பார். பிரேக்கில் முன்பாதம் முழுதாகப் பதிந்திருக்க வேண்டும், ஆக்ஸிலேட்டரில் ஓரம் மட்டும் பட்டிருக்க வேண்டும். தகட்டை வெல்டிங் வைக்க மாட்டார், போல்ட்தான் போடுவார். பெடல் தானாக எழும்பிவர இரண்டாவதாக ஒரு ஸ்பிரிங்கும் மாட்டுவார். எல்லாம் முடிந்ததும் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, “ஓட்டுங்க” என்பார். காது மட்டும் இஞ்சினில் இருக்கும்.

ஒன்று மட்டும் கேட்கவே மாட்டார். ‘சரியாக இருக்கிறதா?’ என்று எந்த டிரைவரிடமும் கேட்டதில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “நம்ம ஊருக்காரங்ககிட்ட சரியா இருக்கான்னு கேட்டா, நம்ம மனசு நோகக் கூடாதேன்னு சரிதாங்கன்னு சொல்லிருவாங்க. கேக்காத. பாரு” என்றார்.

சுரங்கத்திலிருந்து அவர் ஓய்வு பெற்றதும் பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் சொந்தமாகப் பட்டறை போட்டார். நானும் வேலையை விட்டுவிட்டு அவர் பின்னாலேயே போய்விட்டேன். என் வீட்டில் திட்டாத ஆளில்லை. அங்கேதான் ராஜேஸ்வரி அம்மாவின் கார் வந்து சேர்ந்தது.

அவருக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது இருக்கும். கணவர் இல்லை. இட்லி மாவு அரைத்து, பெரிய பெரிய டிரம்களில் நிரப்பி, காலையில் அரியலூர் வரை இருக்கிற டீக்கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் காரில் கொண்டுபோய்ப் போடுவது அவர் பிழைப்பு. மக்காச்சோளம் அடிக்கும் மெஷின் ஒன்று அவருடைய இடது கையில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தவிர மற்ற விரல்களைப் பறித்துவிட்டிருந்தது. கார் அவர் மாமனார் வாங்கியது, இத்தாலி நாட்டு மாதிரியில் இங்கே செய்த, பழைய சின்னக் கார். அதில் கியர் ஸ்டியரிங்குக்கு அடியிலேயே இருக்கும். விரல் வேண்டாம், உள்ளங்கையால் தள்ளினால் போதும். அதனால் அந்தக் கார் அவருக்குத் தோதாக இருந்தது.

தோதில்லாதது ஹாண்ட் பிரேக். அதைப் பிடித்து, இழுத்து, திருப்பி விட வேண்டும். அவர் கையில் அதற்கு வலு இல்லை. ஒரு கயிற்றை வளையமாகக் கட்டி மணிக்கட்டில் மாட்டி இழுப்பார். நிறுத்தி வைக்க அது போதும். அரியலூர் ரயில்வே மேம்பாலத்தில், சிமெண்ட் லாரிகளுக்கு நடுவே நின்று நின்று ஏறுவதற்கு அது ஆகாது. ஒருநாள் ஏற்றத்தில் கார் பின்னால் நழுவிப் பின்னால் நின்ற ஆட்டோவில் இடித்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. டிக்கியில் டிரம் கவிழ்ந்து மாவு பாலத்தில் வழிந்திருக்கிறது.

காரைப் பட்டறைக்கு ஓட்டிவந்தவர் அவருடைய கொழுந்தன் செல்வம். அம்மா பஸ்ஸில் வந்து இறங்கினார். செல்வத்துக்குச் சொந்தமாக மினி லாரி உண்டு. கெட்டவர் இல்லை, பயந்துபோயிருந்தார். “டிங்கர் வேலைய மட்டும் பாத்துக் குடுங்க பாய். வித்துடலாம். மாவ நான் கொண்டு போட்டுக்கறேன். அண்ணி வூட்டுல இருந்து அரைச்சுக் குடுத்தா போதும்” என்றார்.

ராஜேஸ்வரி அம்மா அவரைப் பார்க்கவில்லை, மேஸ்திரியைப் பார்த்தார். “பாய் அண்ணே, கடைக்காரங்க எனக்குப் பழக்கம். யாருக்குப் புளிப்பு வேணும், யாருக்கு வேண்டாம்னு அவங்க மொகத்தப் பாத்து அரைக்கிறேன். கொண்டு போறத விட்டுட்டா அப்புறம் நான் கூலிக்கு அரைக்கிறவதான். பாலத்துல நழுவாம ஏறணும். அத மட்டும் பண்ணிக் குடுங்க.”

ஹாண்ட் பிரேக்கையே மாற்றியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நீளமான கைப்பிடி வைத்துப் பார்த்தோம். அதை விட்டுவிட்டுக் கியருக்குக் கை வருவதற்குள் வண்டி நழுவியது. அப்போதுதான் மேஸ்திரி, “ராசு, சுரங்கத்து வேலையத்தான் செய்யணும்” என்றார்.

அந்தக் காரில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது முதல் கியருக்கு இறக்கினால் கர்ரென்று பல் உரசும். பிரேக்கை விடாமலே ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டினால்தான் சத்தமில்லாமல் விழும். ஆக, காலை உருட்டும் இந்த வேலை ஏறுவதற்கும் உதவும், கியர் இறக்குவதற்கும் உதவும். முதலில் பிரேக்கைப் பிரித்துப் போட்டோம். பிறகு அட்டை, அளவு, தகடு. ராஜேஸ்வரி அம்மா தினமும் பஸ்ஸில் வந்து பட்டறையின் பின்பக்க மண் ஏற்றத்தில் பழகினார். முதலில் இஞ்சின் அணைந்தது, பிறகு அலறியது, பிறகு சொன்ன பேச்சைக் கேட்டது. செருப்படியில் பொடி தடவிப் பார்த்தோம். விழ வேண்டிய இடத்தில் தடம் விழுந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மேஸ்திரி சொன்னதை மறந்து, “சரியா இருக்காம்மா?” என்று கேட்டேன், “சரிதாண்ணே” என்றார். “நாளைக்கே எடுத்துட்டுப் போங்கம்மா” என்று சொல்லிவிட்டேன்.

மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை. செல்வத்தை விட்டுக் காரை வீட்டில் சேர்க்கச் சொன்னார். “காலைல நாம அவங்க வூட்டுக்குப் போவோம். வாசல்லேருந்து கூடப் போயி பாலத்த ஏறி எறங்கினாத்தான் வேல முடிஞ்சுது” என்றார். இது அவர் வழக்கம். வீண் அலைச்சல் என்று முணுமுணுத்தபடிதான் நான் போனேன்.

காலையில் போனபோது வாசலில் கார் நின்றது. டிரம்கள் ஏற்றியாகிவிட்டது. செல்வம் தன் மினி லாரியையும் கொண்டுவந்து தயாராக நிறுத்தியிருந்தார். பாலத்தில் ஏதாவது ஆனால் அங்கேயே மாவை மாற்றிக்கொள்வதென்றும், அன்றோடு காரை விற்றுவிடுவதென்றும் அவர்களுக்குள் பேச்சு. ராஜேஸ்வரி அம்மா சூடம் காட்டினார். கதவைத் திறந்தார். திறந்துவிட்டு, செருப்பைக் கழற்றி வாசல்படி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு ஏறி உட்கார்ந்தார்.

மேஸ்திரியின் கை கண்ணாடிக்குப் போயிற்று. நான் தலையில் அடித்துக்கொண்டேன். “என்னம்மா இது? செருப்பக் கழட்டிட்டா அளவெல்லாம் போச்சே! பட்டறைல போட்டுக்கிட்டுத்தான ஓட்டுனீங்க?”

“பட்டறைல இரும்புத்தூளு கெடக்கு, வெறுங்காலோட வரக்கூடாதுன்னு நீங்கதானண்ணே சொன்னீங்க” என்றார். “அதுவுமில்லாம அங்க வண்டி ஆஸ்பத்திரில படுத்திருந்த மாதிரி. வூட்டுக்கு வந்துட்டா மாமா வண்டிதானே. அவரு இருந்தப்பயே யாரும் செருப்போட ஏறுனதில்ல.”

“சாமியாவே இருக்கட்டும்மா. பாலத்துல ஏறணுமா வேண்டாமா? செருப்பப் போட்டுக்கிட்டு ஓட்டுங்க.”

அவர் வாசல்படி ஓரமாக இருந்த செருப்பைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “செருப்போட மிதிச்சா பிரேக்கு எங்க இருக்குன்னே என் காலுக்குத் தெரியல அண்ணே. நீங்க கஷ்டப்பட்டுச் செஞ்சீங்க, எப்படிச் சொல்றதுன்னுதான் விட்டுட்டேன்.”

எனக்குச் சுருக்கென்றது. மேஸ்திரி அன்று சொன்னது அப்படியே நடந்திருக்கிறது. ஓட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்று சொன்னவர், எங்கள் மனது நோகக் கூடாதென்று சொல்லியிருக்கிறார். அப்படியே பாலத்துக்குப் போயிருந்தால் பிரேக்கில் இருக்கிற காலின் ஓரம் ஆக்ஸிலேட்டரைத் தொட்டிருக்காது. செருப்பின் கனமும் அகலமும் இல்லாத வெறும் கால், காற்றைத்தான் உருட்டியிருக்கும்.

மேஸ்திரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “அவங்க பழக்கத்த மாத்தறது நம்ம வேல இல்ல ராசு. தகட்ட மாத்து.”

டூல் பை கையோடு இருந்தது, ஆனால் மாத்து என்றால் எதை வைத்து? பட்டறைக்குப் போய் வரலாம், ஆனால் அதற்குள் கடைகள் திறந்து மாவுக்குக் காத்திருக்கும், செல்வம் டிரம்மை மாற்றிவிடுவார். தேவை ஒரு செருப்புக் கனம், அவ்வளவுதான். எனக்கு ஒரு யோசனை மின்னியது. வாசலில் கிடந்த பழைய ரப்பர் செருப்பு ஒன்றை எடுத்து, கத்தியையும் வைத்துவிட்டேன். மேஸ்திரி என் கையைத் தட்டிவிட்டார். “செருப்பு உள்ள வரக்கூடாதுன்னுதான் அந்தத் தங்கச்சி கழட்டுது. நீ அத அறுத்து உள்ளயே மாட்டப் போறியா?”

செல்வமே சிரித்துவிட்டார். அவர்தான் பிறகு வீட்டுக்குள் போய், கழற்றிப் போட்டிருந்த பழைய கிரைண்டர் பெல்ட்டைக் கொண்டுவந்து நீட்டினார். “இது ஆவுமா பாய்?”

மேஸ்திரி அதை வாங்கி விரலால் அழுத்திப் பார்த்தார். “மாஷா அல்லா” என்றார். பெல்ட்டைத் துண்டுகளாக அறுத்து, தகட்டின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, துளை போட்டுப் போல்ட் முடுக்கினேன். வெறும் பாதத்தில் குத்தாமல் இருக்க, போல்ட் தலைகளை ரப்பருக்குள் அமிழ்த்தினேன். தகட்டின் விளிம்புகளை அரத்தால் உருட்டினேன். மேஸ்திரி ஒருபக்கம் பிரேக்கைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அளவு பார்த்தார். சுண்ணாம்புப் பொடி இல்லை. ராஜேஸ்வரி அம்மாவே உள்ளே போய் அரிசி மாவு கொண்டுவந்து தன் பாதத்தில் தடவிக்கொண்டார். மிதித்தார். பிரேக்கில் முன்பாதம் முழுதாக, கிருஷ்ண ஜயந்திக்கு வீட்டில் போடுகிற பாதம் மாதிரி பதிந்தது. கறுப்புப் பட்டையின் ஓரத்தில் சுண்டுவிரல் பக்கம் மட்டும் ஒரு வெள்ளைக் கோடு. மேஸ்திரி குனிந்து அதை நெடுநேரம் பார்த்தார். அவரை அத்தனை சந்தோஷமாக நான் அதிகம் பார்த்ததில்லை.

வாசலிலேயே பலமுறை பிரேக்கை ஓங்கி மிதிக்கச் சொன்னார். ஒருமுறைகூட இஞ்சின் உறுமவில்லை. அதன்பிறகுதான் தன் செருப்பைக் கழற்றிவிட்டு, பின் சீட்டில் மாவு டிரம்முக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். நான் பூட்ஸ் போட்டிருந்தேன். ஒரு கணம் தயங்கினேன். “நீங்க போட்டுக்கங்கண்ணே, வேலையா வந்தவங்க” என்றார் ராஜேஸ்வரி அம்மா. நானும் சரியென்று பூட்ஸோடே முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

வழியெல்லாம் டீக்கடை வாசலில் நிறுத்தி ஹாரன் அடிப்பார். கடைக்காரர்கள் வந்து டிரம்மை எடுத்துக்கொண்டு, காலி டிரம்மை வைத்துவிட்டுப் போவார்கள். அவர் இறங்குவதே இல்லை. “நேத்து கொஞ்சம் புளிப்பு கம்மிக்கா” என்பார் ஒருவர். “வெயிலு இல்லையேப்பா, நாளைக்குப் பாரு” என்பார் அம்மா. அரியலூரை நெருங்க நெருங்கப் பேச்சு குறைந்தது. சிமெண்ட் லாரிகள் வரிசை கட்டி நின்றன. பாலத்தின் பாதி ஏற்றத்தில் எங்களுக்கு முன்னால் இருந்த லாரி நின்றது. நாங்களும் நின்றோம்.

கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் வந்த செல்வம், ஒரு பஸ்ஸே நுழையும் அளவுக்கு இடம் விட்டு நிறுத்தியிருந்தார். அவருக்குப் பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. அவர் அசையவில்லை. பின் சீட்டில் மேஸ்திரி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

லாரி நகர்ந்தது. ராஜேஸ்வரி அம்மா உள்ளங்கையால் கியரைத் தள்ளினார். நான் அவர் காலை மட்டும் பார்த்தேன். முன்பாதம் பிரேக்கில் அப்படியே இருக்க, ஓரம் மெல்லச் சாய்ந்து அந்தக் கறுப்புப் பட்டையைத் தொட்டது. இஞ்சின் எழும்பியது. கிளட்ச் மேலே வந்தது. கார் முன்னால் ஏறியது. டிரம்மில் மாவு தளும்பிய சத்தம்கூட இல்லை.

“அல்ஹம்துலில்லா” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. ராஜேஸ்வரி அம்மாவின் கன்னம் நனைந்திருந்தது, ஆனால் துடைக்கக் கையை எடுக்கவில்லை. கொஞ்சம் மேலே போய் லாரி மறுபடி நின்றது. நாங்களும் நின்றோம். மறுபடி கண்ணாடியில் பார்த்தேன். இந்தமுறை செல்வத்தின் வண்டி எங்கள் பம்பரை ஒட்டினாற்போல் நின்றுகொண்டிருந்தது. அன்றைக்குப் பிறகு அவர் காரை விற்கும் பேச்சை எடுத்ததாக எனக்குத் தெரியாது.

கார்த்தி அனுப்பிய படத்தைப் பார்த்ததும் ஜெயங்கொண்டத்தில் மகள் வீட்டில் இருக்கிற மேஸ்திரிக்குப் போன் போட்டேன். இப்போது அவருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. கத்திக் கத்திச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “பட்ட எந்தப் பக்கம் தேஞ்சிருக்கு?” படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிரேக்கை ஒட்டிய ஓரம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது, மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. சொன்னேன். “அப்ப சரியாத்தான் வச்சிருக்கோம்” என்றார். அந்த மனிதரிடம் வேலை கற்றதற்கு நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

ஆகவே கார்த்தி, தகட்டைத் தொடாதே. தேய்ந்த பட்டைகளுக்குப் பதில் அதே கனத்தில் வேறு கிரைண்டர் பெல்ட் வை. பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு அளவு பார். வண்டியை அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடு, சரியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்காதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வருடம் கண் ஆபரேஷனுக்குப் பிறகு நான் வேலையிலிருந்து நின்ற அன்று, மாலையெல்லாம் போட்டு அனுப்பிவைத்தீர்கள். நான் புதுச் செருப்பைப் பட்டறை வாசலிலேயே மறந்துவிட்டுப் போனதாக இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறீர்கள். கண்ணுதான் போச்சு, புத்தியுமா என்று நீ கேட்டதுகூட என் காதுக்கு வந்தது. நான் மறக்கவில்லை. என்னை வீட்டில் கொண்டுபோய் விட ராஜேஸ்வரி அம்மா காரைக் கொண்டுவந்திருந்தார். “ஏறுங்கண்ணே” என்று அவர் கதவைத் திறந்துவிட்டபோது, இந்தமுறை நான் வேலையாக வரவில்லை.

அதனால் கழற்றிவிட்டு ஏறினேன்.